பட்டுச் சாரியும் க்ரெப்ஸும்

"மகள், இதென்ன காலில?"

காரில் ஏறப் போன லைலா மாமி அப்படியே நின்றுவிட்டாள்.

லண்டனில் இருந்து லீவுக்கு வந்திருக்கும் அண்ணன் மகள் நுஹா, பட்டுச் சாரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுப் படியால் இறங்கினாள். சாரிக்குக் கீழே, பேக்கரியில் வாங்கின ரெண்டு றாத்தல் பாண் ரொட்டி மாதிரி, வெள்ளை வெளேரென்று சப்பாத்து.

"க்ரெப்ஸ், மாமி."

"அப்படியெண்டா?"

"ஸ்டைலான சப்பாத்து. லண்டன்ல எங்கட செட் எல்லாம் க்ரெப்ஸ் எண்டுதான் சொல்றது."

"லண்டன்ல என்ன பேர் வச்சாலும் மெல்பேர்ன்ல அது சப்பாத்துத்தான். கழட்டு!"

"ஹீல்ஸ் போட்டா என்னால நிக்க ஏலா, மாமி."

காருக்குள் இருந்து மாமியின் புருசன் சிஹாப்தீன் ஹார்ன் அடித்தார். "நாங்க போய்ச் சேரக்குள்ள கலியாணம் முடிச்சவங்களுக்குப் பிள்ளையும் பிறந்திடும். ஏறுங்க!"

வேறு வழியில்லை. அப்படியே ஏறினார்கள்.

ஸ்பிரிங்வேல் கலியாண ஹோலில் வலீமா விருந்து. சோறு தின்னவா மாமி போகிறாள்? அங்கே ஜெஸீமா லாத்தா வருவா. அவவின் மகன் அஸ்ஹானுக்குத்தான் நுஹாவைப் பேசியிருக்கிறது. பெடியனுக்குச் சம்மதம். நுஹாவுக்கும் அவன் பேரைச் சொன்னாலே முகம் சிவக்கும். மிச்சம் இருப்பது ஜெஸீமா லாத்தா வாயால் ஒரு 'ஓம்'. இன்றைக்குப் பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறா.

ஹோலுக்குள் மாமி ஒரு நடமாடும் திரைச்சீலை ஆனாள். நுஹா இடது பக்கம் போனால் மாமியும் இடது. வலது பக்கம் போனால் வலது.

"மாமி, எனக்குப் பசிக்குது."

"இரு. நான் கொண்டு வாறன். மேசைக்குக் கீழ இருந்து காலை எடுக்காத!"

மஃரிப் தொழுகைக்கு நேரமானது. பொம்பிளைகள் தொழுகிற அறைக்கு நுஹா எழும்பிப் போனாள். மாமியும் பின்னால் ஓடத்தான் பார்த்தாள். வலீமா வீட்டார் போட்டோவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

போட்டோவில் மாமி சிரிக்கவே இல்லை.

திரும்பி வந்து பார்த்தால், அறை வாசலில் நுஹா. காலில் தங்க நிற ஹீல்ஸ்! சுவரைப் பிடித்துப் பிடித்து, ஈரத் தரையில் போகிற கோழி மாதிரி நடந்து வந்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! யாரிட்டயாவது கேட்டு வாங்கினியா? இப்பதான் பொம்பிளைப் பிள்ளை மாதிரி இருக்கு!"

"மாமி, அது வந்து..."

"ஒண்டும் சொல்லாத. இங்கயே நில்லு. லாத்தா பார்க்கட்டும்."

ஜெஸீமா லாத்தா மூலையில் ஒரு கதிரையில் இருந்து ரசித்து வட்டலாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தா. மாமி பக்கத்தில் போய் இருந்தாள்.

"லாத்தா, எங்கட புள்ளைய பார்த்தீங்களா? அந்தா நிக்கிறா."

"ஓம். தொழுற இடத்தில கண்டு கதைச்சனான்."

"அடக்கமான புள்ள. லண்டன்ல வளர்ந்தாலும் மரியாதை தெரியும். சிலதுகள் கலியாண வீட்டுக்குச் சாரியையும் கட்டி, கீழ என்னத்தையோ மாட்டிக்கொண்டு வருதுகள். க்ரெப்ஸாம்!"

"அப்படியும் வருதுகளா?"

"வருதுகளே! வெட்கமில்லாததுகள். அப்படி வாறவளை எல்லாம் வாசலோட 'வீட்ட போ' எண்டு திருப்பி அனுப்போணும், லாத்தா!"

ஜெஸீமா லாத்தா வட்டலாப்பக் கோப்பையைக் கீழே வைத்தா. குனிந்து, தன் சாரிக் கரையை மெதுவாக ஒரு சாண் தூக்கினா.

வெள்ளை வெளேரென்று ரெண்டு றாத்தல் பாண்.

"நான் வீட்ட போறன், லைலா. ஆனா, என்ட கால் வீங்கியிருக்கிறதைப் பார்த்து இதைக் கழட்டித் தந்திட்டு, என்ட ஹீல்ஸோட அந்தா நொண்டுறாளே என்ட மருமகள், அவளையும் கூட்டிக்கொண்டுதான் போவன்."