மாய அறையில் மாமியார்

விண்கப்பலில், கேட்ட ஆளை நிஜம்போலவே காட்டும் மாய அறை ஒன்று இருந்தது. வீட்டில் வாயே திறக்காத மருமகள் ஒருத்திக்கு, தினமும் அங்கே போய் மாமியார் உருவத்தைத் திட்டித் தீர்த்துவிட்டு வந்தால்தான் சோறு இறங்கும்.

இன்று மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தாள்.

"அண்ணே, இன்னிக்குத்தான் சண்டை களைகட்டுச்சு! நான் ஒண்ணு சொன்னா அத்தை ஒம்பது சொல்றாங்க. வீட்டுல அவங்க வாயில்லாப் பூச்சி, இங்கே என்னா பேச்சு!"

கையில் ஸ்பானரோடு வந்த அறைக்காவலர் விழித்தார்.

"என்னம்மா சொல்றே? மெஷின் காலையிலேருந்தே ஓடலை. இப்பதான் சரிபண்ணவே வர்றேன்."

அவள் அறைப்பக்கம் திரும்பினாள். கதவு மறுபடி திறக்கவும், சட்டென்று அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

மாமியார் வியர்வையைத் துடைத்தபடி வந்தாள்.

"தம்பி, இன்னிக்கு என் மருமக உருவம் அச்சு அசலா இருந்துச்சுப்பா! நாளைக்கும் இவளையே போட்டு விடு."