இறங்க வேண்டிய இடம்

இந்த மதகிலும் அப்பா சைக்கிளில் இருந்து இறங்கினார்.

வலக்காலைப் பின்னால் வீசித் தரையில் ஊன்றினார். தொப்பியைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினார். சைக்கிளை உருட்டிக்கொண்டு மதகுக்காரரின் சிறிய வீட்டைக் கடந்தார். யன்னலில் சிவப்புப் பூத்தொட்டிகள். மதகுக் கதவின் மேல் ஒரு பூனை படுத்திருந்தது.

மதகுக்காரர் கையசைத்தார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். நன்றாகத் தள்ளிப் போன பிறகுதான் மறுபடி ஏறினார்.

ஆரபி முன்னே நின்று காத்திருந்தாள்.

பிரான்சின் நடுவில், கால்வாய்க் கரையோரமாக, மூன்று நாள் சைக்கிள் பயணம். அவள்தான் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தாள். இருபத்தெட்டு வருடம் பாரிஸில் ஓர் உணவகத்தின் நிலத்தடிச் சமையலறையில் நின்ற மனிதர். இந்த நாட்டின் வயல்களை ரயில் யன்னலில்தான் பார்த்திருக்கிறார்.

கால்வாயில் சில கிலோமீட்டருக்கு ஒரு மதகு. படகு உள்ளே வரும். கதவுகள் மூடும். நீர் ஏறும், படகும் ஏறும். ஒவ்வொன்றிலும் ஒரு வீடு, ஒரு தடுப்பு, பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதர்.

ஒவ்வொன்றிலும் அப்பா இறங்கினார்.

முதல் நாள் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பின்னால் வந்தவர்கள் பிரேக் பிடித்து, அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"அப்பா, கதவு படகுக்குத்தான். எங்களுக்கில்லை."

"தெரியும் பிள்ளை."

"பிறகேன் இறங்கிறியள்?"

அவர் நீரைப் பார்த்தார்.

"நான் எங்க இறங்கிறன். கால்தான் இறங்குது."



யாழ்ப்பாணத்தில் ராணுவக் காவலரணைக் கண்டால் சைக்கிளில் இருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றி, உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். சித்தப்பா ஒருநாள் இறங்க மறந்துவிட்டார் என்பாள். அத்தோடு எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஆரபிக்கு இப்போது வேண்டியது ஒன்றுதான். ஒரேயொரு தடவை அவர் இறங்காமல் கடக்க வேண்டும்.

இரண்டாம் நாள் வேகமாக மிதித்துப் பார்த்தாள், இழுபட்டுப் பின்னாலேயே வந்துவிடுவார் என்று. வரவில்லை. பக்கத்தில் ஓட்டிக்கொண்டே கதை கொடுத்துப் பார்த்தாள். பாதி வசனத்தில் இறங்கினார். உருட்டிக்கொண்டே மீதி வசனத்தைச் சொல்லி முடித்தார்.

மூன்றாம் நாள் காலை மரங்கள் விலகின.

கால்வாய் ஆற்றைச் சந்தித்தது.

சந்தித்த இடத்தில் நிற்கவில்லை. அதில் கலக்கவும் இல்லை. ஆற்றின் மேலேறிப் போயிற்று.

நீண்ட இரும்புத் தொட்டி போல ஒரு பாலம். அதற்குள் விளிம்புவரை கால்வாய். கீழே, வெகு கீழே, மணல் திட்டுகளுக்கு நடுவே லுவார் ஆறு தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. ஆற்றின் தலைக்கு மேல் ஒரு படகு மிதந்தது. அதில் ஒரு கிழவர் கால்மேல் கால் போட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் ஊரில் ஆறென்று சொல்ல ஒன்றுமில்லை. கிணறுதான். போரில் இறைப்பு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் கிடைக்காத வருடங்களில் வெங்காயத் தோட்டம் முழுவதற்கும் கையால் இறைத்தவர். ஒரு வாளி நீரின் பாரம் அவர் தோளுக்குத் தெரியும்.

பாலத்தின் தொடக்கத்தில் ஒரு பலகை இருந்தது.

சைக்கிளில் இருந்து இறங்கி நடக்கவும்.

முன்னால் போன குடும்பம் இறங்கியது. எதிரே வந்தவர்கள் உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஆரபியும் இறங்கினாள்.

அப்பா இறங்கவில்லை.

பலகையை அவர் பார்க்கவேயில்லை. முகம் நீரின் பக்கம் திரும்பியிருந்தது. வாய் சற்றே திறந்திருந்தது. கால்கள் மெல்ல மெல்லச் சுழன்றன. படகு போன வேகத்தில், படகுக்குப் பக்கத்திலேயே அவர் போனார்.

ஒரு பக்கம் கால்வாய். மறுபக்கம், கம்பித் தடுப்புக்கு அப்பால், ஆழத்தில் ஆறு. இரண்டு நீருக்கும் நடுவில் ஒரு சைக்கிள்.

தொப்பி தலையிலேயே இருந்தது.

நடந்து வந்த ஒரு பிரெஞ்சுப் பெண் அவரைக் கூப்பிட வாயெடுத்தாள். ஆரபி அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"வேண்டாம்" என்றாள் பிரெஞ்சில். "தயவுசெய்து."

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். தூரத்தில் போகும் முதுகைப் பார்த்தாள். தன் சைக்கிளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டாள்.

ஆரபி நடந்தாள். ஒவ்வொரு விளக்குத் தூணாக அவர் கடப்பதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். இப்போது இறங்குவார். இப்போது.

அவர் சின்னதாகிக்கொண்டே போனார்.

அவள் மறுகரைக்கு வந்து சேர்ந்தபோது அப்பா சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றிருந்தார். இந்தப் பக்கமும் அதே பலகை இருந்தது. அதன் முதுகில்தான் சாய்த்திருந்தார்.

கண்கள் நனைந்திருந்தன. காற்றாகவும் இருக்கலாம்.

"ஆத்துக்கு மேல தண்ணியைக் கொண்டு போறாங்கள், பாத்தியே" என்றார். பிறகுதான் அவளைக் கவனித்தார்.

"ஏன் பிள்ளை இறங்கி நடந்து வாறாய்?"

ஆரபி பலகையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

"நான் எங்க இறங்கினன் அப்பா. கால்தான் இறங்கிட்டுது."

அவர் சிரிக்கவில்லை.

மெதுவாகத் திரும்பி, தான் வந்த பாலத்தைப் பார்த்தார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும்.