ஆய்வுக்கு ஒரு ஆள்

தையல்நாயகி டீக் கிளாசை மறுபடியும் தள்ளி வைத்தாள். மொடமொடவென்று கஞ்சி போட்ட சேலை, நிமிர்ந்த கழுத்து.

“கவுன்சிலரம்மாவுக்கு நம்ம டீ எல்லாம் எறங்காது” என்றார் இராமதாஸ். மற்ற கவுன்சிலர்கள் சிரித்தார்கள். அவள் காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள்.

பல வருடம் கழித்துத் தேர்தல் நடந்து வந்த நகரமன்றம். அதன் ஆய்வுக்குழு இந்த வருடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுக்கும். எடுத்தால்தான் அதிகாரிகள் வந்து பதில் சொல்வார்கள், வேலை நடக்கும். இராமதாஸ் கடற்கரைத் தெருவிளக்கு என்றார். தையல்நாயகி தன் வார்டில் பூட்டிக் கிடக்கும் பொதுக் கழிப்பறை என்றாள்.

“கக்கூசயா? ஏம்மா, பிரெஞ்சுக்காரன் வந்து போற ஊரு. அவன் வெளக்கப் பாப்பானா, அதப் பாப்பானா?”

“பூட்டி ரெண்டு வருசம் ஆவுதுங்க. பொம்பளைங்க முள்ளுக்காட்டுக்குப் போறாங்க.”

“உங்களுக்கு ஏம்மா இந்த நாத்தம்? கவுன்சிலரா லட்சணமா இருங்க.”

குழுத்தலைவர் விஜயராகவன் கையைக் காட்டி இருவரையும் அடக்கினார். “பாதிக்கப்பட்டவங்க ஒருத்தராவது நேர்ல வந்து சொல்லணும், அப்பத்தான் எடுக்கறதுன்னு நாமதான முடிவு பண்ணோம்? வெளக்குக்குக் கடைக்காரரு வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. உங்க ஆளு எங்கம்மா?”

வருகிறோம் என்று சொன்ன பெண்கள் வாசல் வரை வந்திருந்தார்கள். உள்ளே இத்தனை ஆம்பளைகளைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்கள். “மானம் பூடும்க்கா” என்று தையல்நாயகியின் கையை உதறிவிட்டு ஓடியிருந்தாள் அவர்களில் ஒருத்தியான மாலா.

“ஒரு ஆளு இல்ல, பேச வந்துட்டாங்க” என்றார் இராமதாஸ். “வெளக்குன்னு எழுதி முடிங்கண்ணே.”

விஜயராகவன் பேனா மூடியைத் திறந்தார்.

“இருங்க.” தையல்நாயகி எழுந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கழுத்து கவிழ்ந்துவிட்டது. மேசை விரிப்பைப் பார்த்துத்தான் பேச முடிந்தது.

“எழுதிக்குங்க. பேரு தையல்நாயகி. எங்க வூட்லயும் கக்கூஸ் இல்ல, இருட்டுனாத்தான் போறேன்.”