ஒரே பெஞ்சில்

பிலோமினாவின் கணவன் சூசைக்கு நெஞ்சுக்குள் பெருந்தமனி கிழிந்து, இரத்தம் போகாமல் இடது கை சில்லிட்டுப்போயிருந்தது. நெஞ்சைத் திறந்து அறுவை செய்த டாக்டர் வெளியே வந்து, அவள் இருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தார்.

"என் பங்கு முடிஞ்சதும்மா. இன்னொரு டாக்டர் தொடை வழியா குழாய் விட்டு, கிழிசலுக்கு உள்பக்கமா உறை போட்டுக்கிட்டிருக்கார்."

"நீங்க கிளம்பலையா ஐயா?"

"எப்படிம்மா கிளம்புறது?"

அவர் அறுவை அறைக் கதவையே பார்த்தபடி கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார். தன்னைப் போலவே இன்னொருவரும் பயந்திருக்கிறார் என்பதில் அவளுக்கு ஏனோ தெம்பு வந்தது.

கதவு திறந்தது. உள்ளே உறை போட்ட இளைய டாக்டர் வந்து முகமூடியை இறக்கினார். "உறை பொருந்திடுச்சு சார். இடது கையில நாடி அடிக்குது."

பிலோமினா வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்து திரும்பினால், பெரிய டாக்டர் இரு கைகளாலும் முகத்தைப் பொத்தியபடி இருந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தோளைத் தொட்டாள்.

"எந்திரிங்க ஐயா, ஏதாவது சாப்பிட்டு வருவோம்."