ஒரு பிடி கருப்பட்டி

முளைகட்டிய கம்பைக் காயவைத்துத் திரித்து, கசப்புக்கு வேப்பம்பூ போட்டு, ஜெரோம் வீட்டிலேயே பீர் காய்ச்சினான். போன தடவை நுரை வரவில்லை என்று மனைவி கிளாராவின் கையைக் கொதிக்கும் கம்புச்சாற்றுக்குள் அமுக்கிப் பிடித்தான்.

"மூடி போடுறதுக்கு முன்னால குப்பிக்கு ஒரு ஸ்பூன் கருப்பட்டி. குறைஞ்சா நுரைக்காது, கூடுனா வெடிச்சிரும். மண்டையில ஏறுச்சாட்டி?"

ஏறியிருந்தது. இந்தத் தடவை தோலுரிந்த விரல்களால் குப்பிக்கு ஒரு பிடி போட்டு மூடியை இறுக்கினாள்.

முதல் குப்பியை இன்று எடுத்தவன், வழக்கம்போலக் குலுக்கிக் காதோரம் வைத்துக் கேட்டான். முகம் மலர்ந்தது. கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றவளை முடியைப் பிடித்து இழுத்துவந்து, குப்பியின் மறுபக்கத்தில் அவள் காதை வைத்து அழுத்தினான்.

"எப்படி இரையுது பாத்தியா?"

கிளாரா கண்களை இறுக மூடிக்கொண்டாள். "சரியாக் கேக்கல. இன்னும் நல்லாக் குலுக்குங்க."