இருமல்

படகிலிருந்து கழற்றிப் போட்ட டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், அப்பாடா என்று வலைக் கொட்டகையில் சாய்ந்து கிடந்தது. உடம்பெல்லாம் உப்பு. இனி அதன் வேலையை ஃபோர்-ஸ்ட்ரோக் தம்பி பார்த்துக்கொள்வான்.

தம்பியோ மறுவாரமே புகையும் இருமலுமாகக் கரைக்கு வந்தான்.

“அண்ணே, முதலாளி பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்து ஊத்திட்டாரு. எனக்கு ஆயில் தனியால்ல ஊத்தணும்?”

“எனக்குக் கலந்து கலந்தே பழகின கைடா அது. சத்தமா இருமாதே, அவர் காதுல விழுந்துடப் போகுது!”

விழுந்துவிட்டது. முதலாளி சவரிராயன் புதியதைத் திட்டிக்கொண்டே கழற்றி மணலில் கிடத்தினார். கொட்டகைக்கு வந்து பழையதைத் தடவிக்கொடுத்தார்.

“என்ன இருந்தாலும் உன்னை மாதிரி வருமா, ராசா!”

ராசாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அது அங்கே கிடந்தபடியே, படகு கிட்டே கிட்டே வருவதைப் பார்த்தது.