இன்னாசி அஞ்சலகம்

புயலன்று தபால்காரர் இன்னாசி படகை எடுத்துப் போய்ப் பதினோரு பேரைக் கரை சேர்த்தார். பன்னிரண்டாவது ஆளைத் தேடிப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

மறு வருஷம் அந்த ஊர்த் தபால் நிலையத்துக்கு அவர் பெயரை வைத்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இறந்தவர் பெயரைத்தான் வைக்க முடியும் என்பதால், அந்தச் சட்டமே அவரை இறந்தவராகவும் அறிவித்தது.

திறப்பு விழாவில் அதிகாரி அவர் மனைவி ரெஜினாளிடம் மைக்கை நீட்டினார்.

“ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா.”

“நாளைக்கு அவர் வந்து நின்னா என்ன செய்வீங்க?”

“வரமாட்டாரும்மா. சட்டம் நிறைவேறிடுச்சு.”

வீட்டுக்கு வந்தவள், ஒரு வருஷமாகத் தினமும் செய்வதுபோல, கணவரின் கைபேசிக்குச் செய்தி அனுப்பினாள். “சோறாக்கிட்டேன். வாங்க.”

முதல்முறையாகப் பதில் வந்தது. எடுத்துப் படித்தாள்.

“தங்கள் செய்தி கிடைத்தது. இன்னாசி அஞ்சலகம் காலை பத்து மணிக்குத் திறக்கும்.”

பெயரோடு அவர் கைபேசி எண்ணையும் சட்டம் அஞ்சலகத்துக்குக் கொடுத்திருந்தது.

மறுநாள் ஒன்பது மணிக்கே ரெஜினாள் தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றாள். போஸ்ட் மாஸ்டர் வந்து கதவைத் திறந்தார். அவளுக்கு ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார்.